உப்பு லாரியில் வந்த தேர்வுப் பிரிவு

பேச்சிமுத்து, வட்டிக்கு விடும் பால்துரை அண்ணாச்சிக்குப் பட்ட கடன் பதினோராயிரம் ரூபாய். ஆவணி முடிவதற்குள் மூவாயிரமாவது வைக்காவிட்டால் லாரியை ஓட்டிக்கொண்டு போய்விடுவதாக அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

அந்த லாரி சும்மா வந்ததல்ல. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, உப்பளத்தில் கூடை சுமந்து, கிளீனராகத் தொங்கி, டிரைவராகி, கடைசியில் துறைமுகத்துக்குச் சொந்த வண்டியில் உப்பு ஏற்றிப் போனவன் அவன். தூத்துக்குடியில் அவனுக்கு முன்னால் அப்படி ஒருத்தன் கிடையாது. பின்னாலும் யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தெற்கத்திக் கல்லூரிகளைப் பிரித்தெடுத்துப் புதுப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். கட்டடம் எழும்பவில்லை. துறைமுகச் சாலையில் சரக்கு அடுக்கும் கிட்டங்கி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, தடுப்புச் சுவர் வைத்து, கதவுகளில் சாக்பீஸால் எழுதினார்கள்: கடல் உயிரியல் துறை, வணிகவியல் துறை, வரலாற்றுத் துறை, நிதிப் பிரிவு. உள்ளே ஆளும் இல்லை, நாற்காலியும் இல்லை. முதலில் வரவேண்டியது தேர்வுப் பிரிவு. வடக்கே பழைய பல்கலைக்கழகத்தில் கிடந்த மதிப்பெண் பதிவேடுகளை ஏற்றிவர மூவாயிரத்து இருநூறு வாடகை பேசினான் பேச்சிமுத்து.

தேர்வுப் பிரிவு அதிகாரி தேவபிரசாதம், நாசரேத்துக்காரர், லாரியை மேலும் கீழும் பார்த்தார்.

“உப்பு ஏத்துற வண்டியாச்சேவே?”

“கழுவி விட்டிருக்கேன் சார். இலை போடாமச் சோறு திங்கலாம்.”

பெருமையாகத்தான் சொன்னான். திரும்பி வரும்போது எட்டயபுரத்தில் டீ குடிக்க நிறுத்தி, பதிவேட்டுக் கட்டுகளுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தான். கை ஈரம். நாக்கில் வைத்தான். உப்பு.

கழுவியதுதான் வினை. உலர்ந்த உப்பைக் கூட்டித் தள்ளியிருக்கலாம். தண்ணீரை விட்டதும் பலகை உப்புநீரைக் குடித்துவிட்டது. மேலே பாரம் ஏற ஏறக் கக்குகிறது.

“ஒரு பக்கம் அழிஞ்சாலும் ஒருத்தன் டிகிரி போச்சுவே. மெதுவாப் போம்” என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேவபிரசாதம். பேச்சிமுத்து கியரை இறக்கினான். சொல்லாமல் இறக்கிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டால்? ஒரு மாதத்தில் பதிவேடுகளில் உப்புப் பூத்துவிடும். எந்த லாரி என்று யாரும் விசாரிக்கவே வேண்டாம். போலீஸ் வீட்டுக்கே வரும்.

கிட்டங்கி வாசலில் பால்துரை அண்ணாச்சி, வாடகைப் பணத்தைக் கையோடு வாங்கிப்போக வந்து, வெற்றிலையை மென்றபடி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் மறைக்கலாம் என்றிருந்த கொஞ்ச தைரியமும் போனது.

“சார்,” என்றான், “அடி வரிசை நனைஞ்சிட்டு.”

தேவபிரசாதத்தின் முகம் வெளுத்தது. “கர்த்தாவே! வாடகை கொறைச்சல்னு ஒம்ம வண்டியச் சொன்னதே நாந்தானவே. மதியம் பதிவாளர் வாராரு. எனக்கு வேலை போயிரும்லா!”

இருவரும் பேய் துரத்தியதைப் போல ஓடினார்கள். கயிற்றை அறுத்து, ஜன்னல்களைத் திறந்து, எல்லா அறைகளிலும் பதிவேடுகளை விரித்தார்கள். கடல் உயிரியலில் பி.ஏ.க்காரர்கள் காய்ந்தார்கள், வரலாற்றில் பி.காம்.காரர்கள். மேல்காற்று பக்கங்களைப் புரட்டியது. ஓரங்களில் மை கசிந்திருந்தது.

பதிவாளர் வந்தார். “என்ன இது, கருவாடு காயப் போட்ட மாதிரி?”

அவர் ஒரு பதிவேட்டை எடுத்தார், ஓரத்தைத் தடவினார், வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். அடுத்ததையும் எடுத்தார்.

“எழுத்து தெரியுது. நல்லா காயட்டும். வாடகையில ஐந்நூறு பிடிச்சுக்கோங்க.”

மிச்சப் பணத்தோடு வெளியே வந்தவனை அண்ணாச்சி மறித்தார். “எவ்வளவுடே?”

“ரெண்டாயிரத்து எழுநூறு. முந்நூறு கொறையுது அண்ணாச்சி. வண்டிய... எடுத்துக்கிடுதியளா?”

அண்ணாச்சி எட்டி லாரியின் பலகையை விரலால் அழுத்தினார். நீர் கசிந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“இந்தச் சனியன வச்சு நான் என்ன செய்ய? இருக்கிறத எண்ணுலே.”

கையை விரித்து நீட்டினார். பேச்சிமுத்து ஒவ்வொரு நோட்டாக அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தான்.