பாதி பாடி நிறுத்திய ஆசீர்வாதம் சார்

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் சபையின் கோயில்பிள்ளை என் வாசலில் வந்து நின்றார். கோயில் மணியடிக்க வேண்டிய மனிதர் அதை விட்டுவிட்டு இங்கே ஏன் வந்தார் என்று எட்டிப் பார்த்தேன். "ஐயா, நம்ம ஆசீர்வாதம் சார்..." என்றார். அதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. மீதியை நானே முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆசீர்வாதம் சாரை அறிந்தவர்களுக்கு இது புரியும். வாழ்நாளெல்லாம் பாதி சொல்லி நிறுத்திய மனிதரின் சாவுச் செய்தியும் பாதியாகத்தான் வந்தது.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். எனக்குத் தமிழ், அவருக்கு வேதபாடம். அவருக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம். ஞாயிறுதோறும் கோயிலில் பிரசங்கமும் செய்வார். சம்பளம் கொடுத்தது பள்ளிக்கூடம் என்றாலும் அவர் உயிர் இருந்தது பிரசங்கபீடத்தில்தான்.

ஒரு முறை ஏரல் சந்தைக்குப் போயிருந்தோம். வாடிய வெற்றிலையை நீட்டிய கடைக்காரர் பழியை வெயில் மேல் போட்டார். ஆசீர்வாதம் சார், "ஆடத் தெரியாதவ..." என்று இழுத்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"கூடம் கோணல்ன்னாளாம்! என்ன அண்ணாச்சி, என்னையவா சொல்லுதீக?" என்று கடைக்காரரே சிரித்துவிட்டு நல்ல கட்டாக எடுத்துக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் விளக்கம் வந்தது. "நான் அவரை ஒண்ணுமே சொல்லலவே. அவரே முடிச்சுக்கிட்டார். சுவிசேஷம் எழுதுனவங்க வித்தையும் இதான்." யூத ஜனங்களுக்கு எபிரெய வேதம் மனப்பாடம். அவர்களிடம் வாதாடுவதைவிட அவர்கள் பாட்டிலேயே ஓர் அடியை எடுத்துக் கொடுத்தால் போதும், மீதி அவர்கள் நெஞ்சில் தானே ஓடும் என்பார். "அடுத்தவன் சொன்னா மனுசன் சந்தேகப்படுவான். தானே முடிச்சதை விடமாட்டான்."

யுத்த காலத்தில் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை. கடவுளே, என்னைக் கைவிட்டீரே என்று சிலுவையில் இயேசு கதறியதைப் பற்றிப் பேசும் முறை அவருக்கு வந்தது. அது எபிரெய வேதத்தில் உள்ள ஒரு பழைய சங்கீதப் பாட்டின் முதல் அடி என்றார். அழுகையில் தொடங்கும் அந்தப் பாட்டு துதியில் முடிகிறது. முதல் அடியைப் படித்த யூதர்களுக்கு முடிவும் சேர்ந்தே கேட்டிருக்கும் என்றார். சபை திருதிருவென்று விழித்தது. பின் பெஞ்சுகளில் துறைமுகத்துத் தோணிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்து, "இப்ப நான் ஏலேலோன்னு சொன்னா..." என்று நிறுத்தினார்.

"ஐலசா!"

கோயில் கூரை அதிர்ந்தது. பெரிய வெள்ளிக்கிழமை! முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

மறுவாரம் சபைக் கமிட்டி கூடியது. நானும் அதில் இருந்தேன். துக்க நாளைக் கூத்தாக்கியவர் இனிப் பிரசங்கபீடம் ஏறக் கூடாது என்றே பலரும் பேசினார்கள். ஆசீர்வாதம் சார் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தலைவர் பருத்தி வியாபாரி, லேசில் சிரிக்காதவர். "உமக்கு வேதம் தெரியும்வே, யாரு இல்லன்னா? ஆனாலும் என்ன செய்ய, ஆனைக்கும்..." என்று சொல்லிவிட்டு வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"அடி சறுக்கும்" என்று நாங்கள் எல்லோரும் முணுமுணுத்தோம்.

ஆசீர்வாதம் சார் துள்ளி எழுந்தார். "அய்யா, பாதிதான சொன்னீக? மீதி எல்லாருக்கும் கேட்டுச்சுல்லா! அதத்தான் நானும் சொன்னேன்!"

 தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "போம்வே, போயி ஞாயித்துக்கிழமைப் பிரசங்கத்தைத் தயார் பண்ணும்" என்றார். கமிட்டி அத்தோடு கலைந்தது.

புதன்கிழமை அடக்கம். தோணிக்காரர்கள்தான் கயிறு பிடித்துப் பெட்டியை இறக்கினார்கள். தள்ளாத வயதிலும் தலைவர் ஒரு கயிற்றில் கை வைத்திருந்தார். பெட்டி குழிக்குள் சற்றே தட்டி நின்றது. தலைவர் "ஏலேலோ..." என்றார். எல்லோரும் அழுதுகொண்டே பதில் சொன்னோம். அழுகைக்கு நடுவே எங்கோ ஒரு சிரிப்பும் கேட்டது.

பாதி சொல்லிவிட்டு, இவனுக்கு மீதி தெரியும் என்று நம்மை நம்பிக் காத்திருப்பாரே, அந்தக் காத்திருப்பைத்தான் நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது என் வகுப்பிலும் பாதியில் நிறுத்திப் பார்க்கிறேன். பிள்ளைகள் கூரையைப் பிளக்கிறார்கள்.

ஆசீர்வாதம் சார் போய்விட்டார். அழுகிறோம். அது முதல் அடி. மீதி உங்களுக்கே தெரியும்.