அப்பாவின் அறைக்குப் போட்ட சுவிட்ச்

பக்கவாதத்தில் அப்பாவின் இடது கையும் காலும் விழுந்த பிறகு, துபாயிலிருந்து அண்ணன் வந்து அவரை எங்கள் ஊரிலேயே ஸ்ரீவராகம் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டுப் போனான். புதுக் கட்டடம். அறைக்கு அறை சென்சார் லைட். ஆள் அசைந்தால் எரியும். அசையாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும்.

ஒரு சாயங்காலம் நான் போனபோது அப்பா இருட்டில் கிடந்தார். நான் உள்ளே நுழைந்த பிறகுதான் விளக்கு எரிந்தது.

"கையை ஆட்டுங்கோ ஆட்டுங்கோன்னு சொல்றானுவ. எவ்வளவு நேரந்தான் ஆட்டிக்கிட்டுக் கெடக்க?" என்றார்.

மலையாளி மேனேஜரிடம் போய்க் கேட்டேன். "லைட்டுக்குக் குழப்பமொண்ணும் இல்ல சேச்சி. ஆள் அனங்காம கெடந்தா ரூம்ல யாரும் இல்லேன்னு சென்சார் நெனச்சுக்கும்."

"ஆள் உள்ளதானே இருக்கார்?"

"எனக்கு அது தெரியும். சென்சாருக்குத் தெரியாதே."

நான் வயரிங் வேலை செய்கிறவள். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிப்பில் சேர்ந்தபோது அப்பா என்னோடு மாதக்கணக்கில் பேசவில்லை. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஏதோ ஆபீஸ்ல இருக்கா" என்பார். வீட்டில் ஃப்யூஸ் போனால்கூட வெளியாளைத்தான் கூப்பிடுவார்.

மேனேஜரின் சம்மதத்தோடு ஞாயிற்றுக்கிழமை ஏணியும் டூல்ஸ் பையுமாகப் போனேன். மெயினை அணைத்து, சீலிங் பலகையைக் கழற்றி, சென்சாரைத் தொடாமல் விளக்குக்கு நேரே கரண்ட் போக இன்னொரு வழி கொடுத்தேன். அந்த வயரின் நுனியில் ஒரு பெட் சுவிட்ச்சை மாட்டி, அப்பாவின் வலது கைக்கு எட்டுகிற மாதிரி தொங்கவிட்டேன். அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். இரண்டு பேரும் அசையாமல் இருந்து பார்த்தோம். விளக்கு அணையவில்லை.

அவர் ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

"ஏணியை மொதல்ல வெளிய கொண்டு போ. யாராவது பாத்துடப் போறாங்க" என்றார்.

அடுத்த வாரம் கஞ்சியோடு போனபோது பக்கத்து அறைக்காரர் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். அப்பா அவரிடம் சுவிட்ச்சை அழுத்திக் காட்டிக்கொண்டிருந்தார். "துபாய்ல இருந்துகிட்டே மகன் ஏற்பாடு பண்ணிட்டான்." என்னைப் பார்த்த பிறகும் பேச்சை மாற்றவில்லை. நான் கஞ்சியை ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு வந்தேன்.

மழைக்காலம் முடியுமுன் அப்பா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து அவருடைய சாமான்களை எடுக்க நானும் அண்ணனும் இல்லத்துக்குப் போனோம். பக்கத்து அறைக்காரர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கேயோ இருந்தாலும் அப்பனுக்கு வெளிச்சம் கொடுத்தீங்களே. மகன்னா இப்படி இருக்கணும்."

அண்ணன் தலையைக் குனிந்து, "என் கடமைதானே" என்றான்.

காரில் ஏறியதும் கேட்டேன். "அதைப் போட்டது யாருன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அன்னிக்கே அப்பா போன்ல சொல்லிட்டார். வேலை சுத்தமா இருக்குன்னுகூடச் சொன்னார். யாராவது கேட்டா நான் ஏற்பாடு பண்ணினதா சொல்லச் சொன்னார். அவர் சொன்னதை எப்படி மீறறது?"

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடச் சொன்னேன். வீடு வரை கொண்டுவிடுகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.