ஏழு மணிக்கு நின்ற கார்

பிள்ளைகள், போன சனிக்கிழமை நீங்கள் இருவரும் போட்ட சண்டையைக் குசினி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பழைய கிராபிக்ஸ் கார்ட் இரண்டின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, ஒன்று நாலு ஜீபி, மற்றது எட்டு ஜீபி, எது விளையாட நல்லது, எது கொடுக்கிற காசுக்குப் பெறுமதி என்று மூத்தவன் ஒரு பக்கம், சின்னவள் மறுபக்கம். கடைசியில் தீர்ப்புக்கு என்னிடம் வந்தீர்கள். “அப்பாவுக்கு உது விளங்காது” என்று சின்னவள் தானே சொல்லி, மூத்தவனையும் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னது பெரும்பாலும் சரி. நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை வரைதான் படித்தவன். இருந்தாலும் இரண்டு பழைய கார்ட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம் எனக்கும் ஒருமுறை உண்டு. வாயால் சொல்லப் போனால் நடுவில் சிரிப்பீர்கள். ஆனபடியால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. சண்டை ஓய்ந்து, தெற்கே போகிற ஏ-ஒன்பது பாதை திறந்திருந்த காலம். வெளிநாட்டில் இருந்தவர்கள் வந்து வந்து போனார்கள். நாங்கள் மானிப்பாயில் இருந்தோம். வீட்டோடு சேர்த்துக் கூரை இறக்கிய பத்தியில் அப்பா மோட்டர் கம்பி சுற்றுவார். தோட்டக்காரர்கள் எரிந்துபோன தண்ணீர் மோட்டர்களைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார்கள். அப்பா மோட்டரின் மேல் கையை வைத்து, அது ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, எங்கே பிழை என்று சொல்லிவிடுவார். கொம்பியூட்டரைப் பற்றி மட்டும் அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது என் முடிவு.

வீட்டில் ஒரு பழைய கொம்பியூட்டர் இருந்தது. அதில் கார் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றை ஏற்றினேன். கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் ஓடாது என்று அது சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத்தில் என் கூட்டாளிகள் எல்லோரும் அந்தக் கார் ஓட்டுகிறார்கள். நான் அப்பாவை நச்சரித்தேன். அவர் யாழ்ப்பாணம் டவுனில் பழைய கொம்பியூட்டர் விற்கிற கடைக்கு மூன்று தரம் போனார். கடைசியில் அந்தக் கடையின் ஜெனரேற்றருக்குக் கம்பி சுற்றிக் கொடுத்து, அதற்குப் பதிலாக ஒரு கார்ட் கொண்டுவந்தார். உள்ளங்கையளவு, பச்சை நிறம், காற்றாடி கூட இல்லை. அறுபத்துநாலு எம்பி. கார் ஓடியது. எனக்குச் சந்தோசம்தான்.

அந்தச் சந்தோசத்துக்கு ஒரு கிழமை, ஏழு நாள்தான் ஆயுள். லண்டனில் இருந்து மாமா வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி, எட்டு வருசத்துக்குப் பிறகு வருகிறார். விறாந்தையில் சூட்கேஸ் திறந்தது. சவர்க்காரம், சொக்கிலேற், அம்மாவுக்குக் கைப்பை எல்லாம் ஒரே வாசத்தோடு வெளியே வந்தன. கடைசியில் பெனியனில் சுற்றிய ஒரு சாமானை எடுத்து என் கையில் தந்தார். கிராபிக்ஸ் கார்ட்! நூற்றிருபத்தெட்டு எம்பி. நடுவில் காற்றாடி, அதைச் சுற்றிச் சிவப்புத் தகடு. மாமா பெற்றோல் அடிக்கிற செற்றில் வேலை முடிந்து வந்து தான் விளையாடிய கார்ட்டாம். புதிது வாங்கியதும் இதை எனக்கென்று எடுத்து வைத்திருந்தார்.

கொம்பியூட்டரில் ஒரு கார்ட் போடத்தான் இடம். வெளிநாட்டில் இருந்து ஒருவர் கொண்டுவந்ததை அவர் நிற்கும்போதே பாவித்துக் காட்டவேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும். சேட் என்றால் உடுத்துக் காட்டவேண்டும், கடிகாரம் என்றால் கட்டிக் காட்டவேண்டும். கார்ட்டுக்கும் அதே சட்டம்தான். ஆனால் மாமா நியாயமான மனிதர்.

“சும்மா மாத்த வேண்டாம். ரெண்டையும் போட்டு ஓட்டிப் பாப்பம். எது நல்லதோ அது இருக்கட்டும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டி நடந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் வந்து நின்றார்கள். ஒரே கார், ஒரே றோட்டு, மூன்று சுற்று, ஓட்டுவது நான். திரையின் மூலையில் ஒரு எண் ஓடும். ஒரு செக்கனுக்கு எத்தனை படம் மாறுகிறது என்பது அது. எண் கூடினால் கார் வழுக்கிக்கொண்டு போகும், குறைந்தால் விக்கி விக்கிப் போகும். அப்பாவின் கார்ட்டில் இருபத்தாறு, இருபத்தேழு. மாமா கொம்பியூட்டர் பெட்டியைத் திறந்து, அந்தக் கார்ட்டைக் கழற்றி மற்றதைப் போட்டார். எப்படிக் கழற்றுவது, எப்படிப் பூட்டுவது என்று எனக்கும் காட்டித் தந்தார். லண்டன் கார்ட்டில் நாற்பத்தைந்துக்குக் கீழே எண் இறங்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கை தட்டினார்கள்.

அப்பா குனிந்து திறந்திருந்த பெட்டிக்குள் கையை நீட்டி, கார்ட்டுக்கு மேலே சற்று நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நல்லாச் சூடாகுது தம்பி. கனக்கக் கறண்ட் இழுக்குது போல” என்றார்.

“அத்தான், உது தண்ணி இறைக்கிற மோட்டர் இல்லை!” என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோரையும் விடக் கொஞ்சம் கூட நேரம் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

“அதில்லை, பின்னேரமும் ஒருக்கா ஓட்டிப் பாத்தால்...” என்று அப்பா தொடங்கினார்.

“விடுங்கோவன். அவன் அங்கையிருந்து ஆசையாக் கொண்டந்தது” என்றார் அம்மா.

அப்பா விட்டுவிட்டார். மாமாவோடு அவர் எதற்கும் வாதாடியதில்லை. எங்கள் வீட்டுக் கூரைக்கு ஓடு போட்டது லண்டன் காசு. இது எனக்குத் தெரியும். ஆனால் இதையும் அதையும் சேர்த்துப் பார்க்க அந்த வயதில் தெரியாது. ஆட்கள் போனபிறகு அப்பா என்னைப் பத்திக்குக் கூப்பிட்டார்.

“ஏழு மணிபோலை ரெண்டையும் ஒருக்காப் போட்டு ஓட்டிப் பார். என்ன நடக்குது எண்டு வந்து சொல்லு. கூட்டம் வேண்டாம்.”

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பின்னேரம் ஆனால் கறண்ட் இளைத்துவிடும். எல்லா வீட்டிலும் லைட் போடுவார்கள், தோட்டங்களில் மோட்டர் ஓடும். எங்கள் குண்டு பல்பு பழுத்த எலுமிச்சம்பழம் மாதிரி நிற்கும். அந்த வெளிச்சத்தில் லண்டன் கார்ட்டைப் போட்டு ஓட்டினேன். இரண்டாம் சுற்றில் கார் வளைவுக்கு வந்தது, திரை கறுத்தது, கொம்பியூட்டர் நின்று தானாகத் திரும்ப எழும்பியது. மறுபடி ஓட்டினேன். மறுபடி நின்றது. மூன்றாம் தரம் முதலாம் சுற்றிலேயே நின்றது.

அதைக் கழற்றி அப்பாவின் கார்ட்டைப் பூட்டினேன். இருபத்தாறு. மத்தியானம் எப்படியோ அப்படியே. விக்கி விக்கி மூன்று சுற்றும் முடித்தது, இன்னும் மூன்று சுற்றும் ஓடியது. மாமா கோயிலுக்குப் போயிருந்தார். இதைப் பார்த்தது நான் ஒருவன்தான். மாமா வந்து பார்த்தால் மனம் நோவாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, லண்டன் கார்ட்டைத் திரும்பப் பூட்டி வைத்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தோம். மாமாவுக்குப் பக்கத்தில் நான், எதிரே அப்பா. அம்மா புட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். அப்பா தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

“என்ன மாதிரி? பின்னேரம் ஓட்டிப் பாத்தனியோ?”

மாமாவும் என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று காலையில்தான் அவர், லண்டன் போனதும் கார் ஓட்டுகிற ஸ்டியரிங் ஒன்று அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்தில் நூற்றிருபத்தெட்டு என்று சொல்வதற்கு நான் ஏற்கெனவே வாயைப் பழக்கி வைத்திருந்தேன்.

“ஓம் அப்பா. நல்லா ஓடுது. ஒண்டும் நடக்கேல்லை.”

“அது பேய்மாதிரி ஓடும்” என்றார் மாமா.

“அப்ப நல்லது” என்று சொல்லிவிட்டு அப்பா எழும்பிக் கை கழுவப் போனார். தட்டில் புட்டு மிச்சம் இருந்தது.

அடுத்த நாள் காலையில் அப்பா தன்னுடைய கார்ட்டைப் பேப்பரில் சுற்றிச் சேட் பொக்கற்றில் வைத்துக்கொண்டு டவுனுக்குப் போய்க் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக என்ன வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. புதன்கிழமை மாமா லண்டனுக்குத் திரும்பினார்.

பிறகு நான் பட்ட பாடு சுருக்கமானது. கறண்ட் நல்லாயிருக்கிற நேரம் நான் பள்ளிக்கூடத்தில், இல்லையென்றால் ரியூசனில். நான் வீட்டில் இருக்கிற நேரம் கறண்ட் காணாது. நாற்பத்தைந்து என்ற அந்த எண்ணை வளைவு வரைக்கும் பார்ப்பேன், அதோடு திரை கறுக்கும். அப்பா மோட்டரைத் தூக்கிக்கொண்டு அந்த வழியால் போய்வருவார்.

மூன்றாவது கிழமை, ரியூசன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். அந்தச் சின்னக் கார்ட் இருந்தால் மாற்றிக்கொண்டு வரலாம் என்பது என் திட்டம். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆற்றை பெடியன்?”

அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

“ஓ, கம்பி சுத்திறவற்றை மோனோ! அந்தக் கார்ட் அண்டைக்கே வித்துப் போச்சு. உன்ரை அப்பா என்னைப் படுத்தின பாடு! மூண்டு நாள் வந்து நிண்டு, இருக்கிற கார்ட் எல்லாத்தையும் போடச் சொல்லி, எவ்வளவு கறண்ட் இழுக்குது எண்டு மீற்றரைப் பிடிச்சுப் பாத்தவர். எங்கடை பக்கம் பின்னேரம் கறண்ட் காணாது, அதுக்குள்ளை ஓடக்கூடினதாத் தாங்கோ எண்டு. பேந்து தானே கொண்டந்து தந்திட்டார். பெடியன் மற்றது நல்லா ஓடுது எண்டு சொல்லிப்போட்டானாம்.”

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? நான் சொன்னது பொய் என்று அப்பாவுக்குத் தெரியாது, நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அவ்வளவுதான் விளங்கியது. மீற்றர் பிடித்துப் பார்த்த மனிதருக்கு ஏழு மணிக்கு என்ன நடக்கும் என்று முன்னமே தெரியும் என்பதும், மாமா முன்னால் அதைச் சொல்ல அந்த வீட்டில் அவருக்கு என்னைத் தவிர ஆள் இருக்கவில்லை என்பதும் தோன்றவில்லை. நல்லா ஓடுது என்று நான் சொன்னபோது, தன் கணக்குத்தான் பிழை என்று நினைத்தாரா, மகன் பொய் சொல்கிறான் என்று நினைத்தாரா? இரண்டில் எதோடு அவர் கை கழுவப் போனார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஆனாலும் வீட்டுக்கு வந்தபிறகு ஏதோ சரியில்லை. அப்பா ஒரு தோட்டத்துக் கிணற்றடிக்கு வேலையாகப் போயிருந்தார். லண்டன் கார்ட்டைக் கழற்றிக்கொண்டு பத்திக்குப் போனேன். அங்கே பழுது பார்க்க வந்த மோட்டர்கள் சுவரோரம் வரிசையில் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மட்டைத் துண்டு கட்டி, கொண்டுவந்தவரின் பெயரும் என்ன குறை என்பதும் எழுதியிருந்தது. நானும் ஒரு மட்டையை வெட்டினேன். “பின்னேரம் ஏழு மணிக்கு நிற்கிறது. மூன்று தரம் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமையே தெரியும்” என்று எழுதினேன். மேலே என் பெயரைப் போட்டேன். கம்பித் துண்டால் அதைக் கார்ட்டில் கட்டி, கடைசி மோட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன்.