எடுக்க முடியாமல் போன அழைப்பு

என் வீட்டுக்காரர் விசைப்படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். நான் காரைக்கால் டவுனில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் டீச்சர். கிளிஞ்சல்மேட்டில், சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். படகை இங்கே போட்டு என்போம். போட்டு கிளம்பினால் நாலைந்து நாள் கழித்துத்தான் கரை திரும்பும். கொஞ்ச தூரம் போனதுமே டவர் அறுந்துவிடும். திரும்பி வரும்போது டவர் கிடைத்த உடனே எனக்குத்தான் பேசுவார். "வந்துகிட்டிருக்கோம், சோறு வச்சிடு." அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் அவருக்குப் போனில் பேச வராது. ஆனாலும் அந்த ஒரு வரி வரும்வரை எனக்கு எந்த வேலையும் ஓடாது.

பள்ளியில் எல்லாவற்றையும் வாட்ஸப் குரூப்பில்தான் சொல்கிறார்கள் என்று ஆனபிறகு, என் பட்டன் போனை மூட்டை கட்டிவிட்டு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினேன். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது. கண்ணாடிக்கு மேலே ஒட்டும் கண்ணாடியும், பின்பக்கம் போடும் ரப்பர் கவரும் இலவசம். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது என் மகள், "அம்மா, டிவி மாதிரி இருக்கும்மா" என்றாள். அப்போது அவள் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் இடம் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தது. காலையில் குரூப்பில் வரும் ரோஜாப்பூ படங்களையும் முருகன் படங்களையும் உட்கார்ந்து அழிப்பேன். சாயங்காலம் அதே செய்தி மறுபடியும் வரும். அழிக்க வேறெதுவும் மிச்சமில்லாத ஒரு நாளில், மகளின் ஆண்டுவிழா நடன வீடியோவை அழித்தேன். மளிகைக் கடையில் பணம் அனுப்ப க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பின்னால் நிற்கிறவர்கள் என்னைத்தான் பார்ப்பார்கள், போனைப் பார்க்க மாட்டார்கள். போன் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்ற பார்வை அது.

பிறகு திரையின் வலது ஓரம் செத்தது. ஒரு விரல் அகலத்துக்கு எங்கே தொட்டாலும் உணர்வே இல்லை. நான் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கிறவள். 'பி' என்ற எழுத்து அந்த ஓரத்தில் இருந்தது. அப்பா, பாப்பா, பால், பள்ளி எதையும் அடிக்க முடியவில்லை. "நாளைக்கு லீவு வேண்டும், குழந்தைக்குக் காய்ச்சல்" என்று 'பி' வராமல் யோசித்து யோசித்துத் தலைமையாசிரியைக்கு அனுப்பிய நாட்கள் உண்டு. டவுனில் போன் ரிப்பேர் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிஸ்பிளேவே மாத்தணும்க்கா. அதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று திருப்பிக் கொடுத்தார். அணைத்துவிட்டுப் போட்டால் சில நேரம் சரியாகும். சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தால் சில நேரம் கேட்கும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த ஐப்பசியில் போட்டு கிளம்பி இரண்டு நாள் ஆனபிறகு, காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது, யாரும் கடலுக்குப் போகவேண்டாம் என்று ஊரில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஏற்கெனவே போனவர்களை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுத் திரும்பச் சொன்னார்கள். ஒவ்வொரு போட்டாக வந்து சேர்ந்தது. எங்கள் போட்டு மட்டும் வரவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதிலும் இல்லை. போட்டுக்காரர், அதாவது படகின் முதலாளி, ஒரு நாள் முழுக்கத் துறைமுகத்திலேயே நின்றார். "வந்துருவாங்க, வந்துருவாங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். நேரம் ஆக ஆக அந்தக் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது.

மறுநாள் பள்ளிக்கு மழை விடுமுறை. மத்தியானம் நான் வீட்டுக்குள் ஒழுகிய தண்ணீரைத் துணியில் ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்தேன். அலமாரியில் போன் அடித்தது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பாம்மா" என்று ஓடி வந்தாள்.

திரையில் 'மாமா' என்று வந்துகொண்டிருந்தது. நான் அவரை அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறேன். அந்தப் போனில் அழைப்பை எடுக்க ஒரு பச்சை வட்டத்தை வலது பக்கமாக இழுக்க வேண்டும். இழுத்தேன். பாதிவரை வந்தது, ஓரத்தை எட்டும் முன்பே பழைய இடத்துக்கே திரும்பி ஓடியது. கையைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தேன். திரும்பி ஓடியது. மகள் பிடுங்கி இழுத்தாள். கட்டைவிரலால், சுட்டுவிரலால், பிறகு நகத்தால். பாட்டு அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிட்டது.

உடனே மறுபடியும் அடித்தது. இந்த முறை போனைத் தலைகீழாகப் பிடித்து இழுத்தேன், தரையில் வைத்து இழுத்தேன். "எடும்மா, எடும்மா" என்று மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நின்று தட்டுவது போலவும், தாழ்ப்பாளைத் திறக்க எனக்குக் கை இல்லாதது போலவும் இருந்தது. அதுவும் நின்றது. அதற்குப் பிறகு அடிக்கவில்லை. திருப்பிக் கூப்பிடத் தொட வேண்டிய குறியும் அந்தச் செத்த ஓரத்தில்தான் இருந்தது.

மழையோடு அடுத்த தெருவில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்கு ஓடினேன். அவள் போனில் அவர் எண் இருந்தது. போட்டுப் பார்த்தாள். ஸ்விட்ச் ஆஃப் என்றது. மறுபடி போட்டாள். அதேதான்.

"என்ன அண்ணி, எடுக்க வேண்டியதுதானே?" என்றாள்.

"எடுக்க வரலடி."

கொஞ்ச நேரத்தில் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அந்தப் போட்டில் போனவர்களின் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக என் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களில் யாருடைய போனுக்கும் அழைப்பு வரவில்லை. எனக்கு மட்டும்தான் வந்திருந்தது. வருகிற ஒவ்வொருத்தியும் வாசலிலேயே, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். ஒவ்வொருத்தியிடமும் நான், "எடுக்க முடியல" என்றேன். சிலர் நம்பவில்லை. கெட்ட செய்தியை மறைக்கிறேன் என்று நினைத்து என் முகத்தையே பார்த்தார்கள். போனை நீட்டினேன். ஒருத்தி வாங்கி ஓரத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள்.

போட்டுக்காரரும் வந்தார். "கூப்புடுறதுன்னா என்னையில்ல கூப்புட்டிருக்கணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு தடுமாற்றமாக, "ஆபத்துன்னா எனக்குத்தான் பேசியிருப்பான். வீட்டுக்குப் பேசியிருக்கான்னா நல்லாத்தான் இருப்பாங்க" என்றார். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒருத்தி, "இல்ல, முடியாதுன்னு தெரிஞ்சாதான் வீட்டுக்குப் பேசுவாங்க" என்றாள்.

போட்டில் சமையல் பார்க்கும் பையனின் அம்மா ஒரு பெரியம்மா. அவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தம். போன் கைமாறி அவர்களிடம் வந்தபோது, இருட்டிக் கிடந்த திரையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் காதில் வைத்துக்கொண்டார்கள். "பெரியம்மா, அதுல யாரும் இல்ல" என்று நாத்தனார் சத்தமாகச் சொன்னாள். "தெரியும்" என்றார்கள். ஆனால் காதிலிருந்து எடுக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

சார்ஜ் இறங்கிக்கொண்டே வந்தது. கரண்ட் இல்லை. யாரோ ஒரு பவர் பேங்க் கொண்டுவந்து சொருகினார்கள். சார்ஜில் போட்டால் அந்தப் போனுக்குப் பேய் பிடித்த மாதிரி ஆகும், தானாகவே எதையாவது திறக்கும். அன்றைக்கும் திறந்தது. அத்தனை பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, ஏதோ ஒரு நகைக் கடை விளம்பரம் மேளதாளத்தோடு பாட ஆரம்பித்தது. சத்தத்தைக் குறைக்கத் தொட்டால் இன்னொரு விளம்பரம் வந்தது. அணைத்துவிடலாம், ஆனால் அணைத்த நேரம் பார்த்து அவர் கூப்பிட்டால்? யாரும் அணைக்கச் சொல்லவில்லை. கல்யாணப் பட்டுக்குத் தீபாவளித் தள்ளுபடி, வீட்டுக் கடன், இருமல் மருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒருத்தி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் துறைமுகத்திலிருந்து ஆள் வந்து சொன்னார். எஞ்சின் நின்றுபோய், காற்று தெற்கே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. கோடியக்கரைக்கு அந்தப் பக்கம் வேறொரு ஊர்ப் போட்டு பார்த்துக் கயிறு கட்டி இழுத்துப்போய் ஜெகதாப்பட்டினத்தில் சேர்த்துவிட்டது. எல்லோரும் இருக்கிறார்கள். பெண்கள் எழுந்தார்கள். பெரியம்மா போனை என் மடியில் வைத்துவிட்டு, மழையில் தலைக்குத் துணி கூடப் போடாமல் நடந்து போனார்கள்.

அவர் மறுநாள் பஸ்ஸில் வந்தார். உதடு வெடித்திருந்தது. இரண்டு தட்டு சோறு தின்றார். மகள் அவர் முதுகில் சாய்ந்தபடியே இருந்தாள். கை கழுவி உட்கார்ந்தபிறகுதான் கேட்டேன்.

"எதுக்குக் கூப்புட்டீங்க?"

"டவர் ஒரு கோடு தெரிஞ்சுச்சு. மத்தவங்க போனெல்லாம் நனைஞ்சு போச்சு. என்னோடதுல கொஞ்சம் சார்ஜ் இருந்துச்சு."

"அது சரி. என்ன சொல்றதுக்கு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நீ ஏன் எடுக்கல?" என்றார்.

சொன்னேன். பச்சை வட்டத்தைப் பற்றி, ஓரத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். போனை வாங்கி ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வட்டம் இல்லாத திரையில் விரல் சும்மா போய் வந்தது. "சரி விடு" என்றார்.

"முதலாளிக்குப் பேசாம எனக்கு ஏன் பேசுனீங்க?"

"அப்ப உன்கிட்டதான் பேசணும்னு இருந்துச்சு."

"அதான், என்ன?"

"ஞாபகம் இல்ல."

அடுத்த வாரம், இழுக்கத் தேவையில்லை, இயர்போன் வயரில் இருக்கும் பட்டனை அமுக்கினாலே அழைப்பை எடுக்கலாம் என்று பள்ளியில் உடன் வேலை செய்யும் டீச்சர் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். அப்படி ஒரு வயர் என் வீட்டு அலமாரியிலேயே, பிரிக்காமல் கிடந்தது. அன்றைக்குப் பாடம் நடத்த முடியவில்லை. குழந்தைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பொங்கலுக்கு அவர் எனக்கு வேறொரு போன் வாங்கித் தந்தார். அதுவும் விலை குறைந்ததுதான், வேறு கம்பெனி. ஒரு தொடலில் எடுக்கிறது. போன முறை அவர் கிளம்பி ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிட்டார், அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டதாகச் சொன்னார். போனை வைப்பதற்குள், "அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்கன்னு இப்பவாவது சொல்லுங்க" என்றேன். எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. காற்றும் கேட்டது.

"கேக்கலயே, டவர் போவுது" என்றார்.

எனக்குத் தெளிவாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.