சாய்ந்த முன்பல்

என் மாமனாருக்குப் பல்செட் கட்டும் வேலை. பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், ஒற்றை ஜன்னல் வைத்த அறையில் உட்கார்ந்திருப்பார். டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். இவர் அதில் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் வாயைத் தனியாக வெளியே எடுப்பார். சுவர்ப் பலகைகள் முழுக்க அந்த வாய்கள்தான். முகமில்லாமல், திறந்தபடி. கதவைத் திறந்து உள்ளே போனால், அதுவரை நடந்துகொண்டிருந்த பேச்சு நம்மைப் பார்த்து நின்றுபோனது மாதிரி இருக்கும்.

"பயப்படாதீங்க மாப்ள, ஒண்ணும் கடிக்காது" என்றார் முதல் நாள். "பாதிப் பேருக்குப் பல்லே கிடையாது."

கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது அத்தை, அதாவது என் மாமியார், உயிரோடு இல்லை. கூடத்தில் படமாக இருந்தார். வாயை இறுக மூடியிருந்தார். வீட்டில் இருந்த எந்தப் படத்திலும் அவர் சிரிக்கவில்லை. ஒன்றிரண்டில் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அங்கெல்லாம் கை வாயை மறைத்திருந்தது.

ஊர் எனக்குப் புதிது. மருந்துக்கடை அம்மாள் மாத்திரையை நீட்டியபடி சிரித்தார். மேல்வரிசையில் இடது முன்பல், பக்கத்துப் பல்லின்மேல் லேசாகச் சாய்ந்து ஏறியிருந்தது. அவருக்கு அது அழகாகத்தான் இருந்தது. அந்த வாரமே சட்டை தைக்கக் கொடுத்தேன். டெய்லர் சிரித்தார். அதே பல், அதே சாய்வு. பிறகு பேருந்து கண்டக்டர். பிறகு பூங்கா பெஞ்சில் இரண்டு பெரியவர்கள். ஒருவர் ஒல்லி, ஒருவர் பருமன், ஜாடையே இல்லை. யாரோ சொன்ன எதற்கோ இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். முகம் இரண்டு, சிரிப்பு ஒன்று. நான் எழுந்து வந்துவிட்டேன்.

கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவியிடம் விளையாட்டாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"உங்க ஊர்த் தண்ணியில என்ன இருக்கு? எல்லாருக்கும் முன்பல் ஒரே பக்கம் சாயுது."

கையில் இருந்த துணியை அவள் உதறவில்லை. "நீங்களும் பாத்துட்டீங்களா?"

"என்னது?"

"அது எங்கம்மா பல்லு."

அவள் தெருவில் தலை நிமிராமல் நடப்பதை நான் கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

விஷயம் இதுதான். பொய்ப்பற்களை நூல் பிடித்தது போல அடுக்கினால் பார்த்த உடனே தெரிந்துவிடும். அதனால் கட்டுகிறவர்கள் எங்காவது ஒரு பல்லைக் கொஞ்சம் திருப்பி வைப்பார்கள், ஆளுக்குத் தகுந்தபடி. அத்தை போன பிறகு மாமா கட்டிய செட்டுகளில், யார் வாயானாலும், அந்த ஒரு பல்தான் திரும்பியது.

"அப்பாகிட்ட கேக்கலையா?"

"கேட்டேன். 'அப்படியா'ன்னார். கடைத்தெருவுல ஒவ்வொருத்தர் வாயா பாத்துட்டு வந்து அன்னிக்கு வேலைக்கே போகல. அவருக்கே தெரியாம கை வச்சிருக்கு. அதான் எனக்குப் பயம்."

அவளுக்கும் சிறு வயதில் அதே பல் சாய்ந்துதான் முளைத்ததாம். பள்ளிக்கூட நாட்களில் கம்பி போட்டு நேராக்கியிருக்கிறார்கள். கம்பியைக் கழற்றிய பின், பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க, தூங்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு தகடு கொடுத்தார்கள். அம்மா போன பிறகு அதை மாட்டத் தோன்றவில்லை என்றாள்.

மாமாவின் பற்களை மட்டும் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. துலக்கும்போது ரத்தம் வரும். துப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கடைவாயில் இருந்து ஒரு பல் தட்டில் விழுந்தது. அவர் முகம் சுளிக்கக்கூட இல்லை. அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல பல்லு. சொத்தையே இல்ல" என்றார், வேறு யாருடையதையோ பார்ப்பது போல.

மறுநாள் அவரை நாற்காலியில் சாய்த்துப் பார்த்த டாக்டர் அம்மா பெருமூச்சு விட்டார். "ஊருக்கெல்லாம் வாய் கட்டறீங்க. உங்க வாயத் தொறக்க இவ்வளவு நாளா?"

எக்ஸ்ரேயை எங்களுக்குக் காட்டினார். "சொத்தைன்னா வலிக்கும், ஓடி வந்துடுவாங்க. ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. துலக்கும்போது ரத்தம் வர்றதுதான் அது குடுக்கற தகவல். பல்லுல படியற காரை ஈறுக்கு அடியில இறங்கும். அது இறங்க இறங்க எலும்பு கரையும். பாருங்க, பல்லெல்லாம் முழுசா இருக்கு. நிக்கத்தான் தரை இல்ல."

"க்ளீன் பண்ணிப் பாக்கலாமா டாக்டர்?" என்றாள் மனைவி.

"கீழ்வரிசைக்குப் பண்ணலாம், அது தேறிடும். மேல லேட்டு. க்ளீன் பண்ணினா பல்லு ஆடும்னு சொல்லிட்டுத் திரியறாங்க. ஏற்கெனவே ஆடற பல்லைக் காரைதான் பிடிச்சிட்டு நிக்குது. அதை எடுத்ததும் உண்மை தெரியும், பழி என் தலையில விழும்." கையுறையைக் கழற்றினார். "மேல்வரிசை முழுக்க எடுத்துடலாம். செட்டு யார் கட்டறது?"

"நான்தான்" என்றார் மாமா.

திரும்பும் வழியில் மனைவி நடுத்தெருவில் நின்றாள். "அப்பா, இப்பவே சொல்லிடறேன். அந்தப் பல்லோட நீ வந்து எதிர்ல நின்னா நான் அந்த வீட்ல இருக்க மாட்டேன். மருந்துக்கடைன்னா வேற கடை பாத்துக்குவேன். உன் மூஞ்சிக்கு நான் வேற எங்க போவேன்?"

"நேரா வைக்கறேம்மா."

"சத்தியமா?"

"நேராதான் வைப்பேன்."

பற்களை எடுத்த அன்று பஞ்சைக் கடித்தபடி வந்தார். துப்பக்கூடாது, வேகமாக வாய் கொப்பளிக்கக்கூடாது, உறிஞ்சிக் குடிக்கக்கூடாது. குழியில் கட்டும் ரத்தம்தான் புண்ணுக்கு மூடி, அது கலைந்தால் உயிர் போகும் வலி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஈறு ஆறி வற்றும்வரை சில மாதங்கள் காத்திருந்தோம். உதடு உள்வாங்கியது. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். மாமா பேச்சையே குறைத்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள் தன் வாயின் அச்சிலேயே மாவு ஊற்றினார். மதியச் சாப்பாடு கொண்டுபோன நான், மேஜைமேல் அவருடைய மேலண்ணம் வெள்ளையாக இருந்ததையும், அதன்மேல் ரோஸ் நிற மெழுகில் பற்கள் நிற்பதையும் பார்த்தேன். எல்லாம் நேராக இருந்தன. ஸ்கேல் வைத்துக் காட்டினார். டப்பாவில் போட்டு மூடினார்.

மறுநாள் டப்பாவைத் திறந்தபோது இடது முன்பல் சாய்ந்திருந்தது.

"மெழுகு, மாப்ள. சூட்டுக்கு அசையும்."

"மத்த பல்லு அசையலையே மாமா?"

கத்தியைத் தீயில் காட்டி, பல்லைச் சுற்றி உருக்கி, நேராக நிறுத்தினார். அடுத்த நாளும் அது சாய்ந்திருந்தது. அவர் பல்லைப் பார்க்கவில்லை. தன் வலது கையைப் பார்த்தார். மேஜைமேல் அது தன்பாட்டுக்குக் கிடந்தது. பலகைகளில் இருந்த வாய்கள் எல்லாம் காத்திருப்பது போலத் தோன்றியது.

"நீங்க வைங்க" என்றார். "எப்படின்னு சொல்றேன். நான் தொடல."

இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். நான் மெழுகை இளக்கிப் பல்லைத் திருப்பினேன். ஒவ்வொரு முறை அது நேர்கோட்டுக்கு வரும்போதும் அவருடைய தோள் லேசாகத் துடித்தது. முடிந்ததும் டப்பாவை எடுத்துப்போய் டாக்டர் அம்மாவிடம் கொடுத்து, அவருடைய அலமாரியில் பூட்டி வைக்கச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. பல் நேராகவே இருந்தது. மெழுகைக் கெட்டிச் செட்டாக மாற்றும் கடைசி வேலையை டாக்டர் வெளியே கொடுத்து முடித்தார்.

செட் மாட்டிவிட்ட அன்று டாக்டர் சொன்னார்: "தூங்கறப்ப கழட்டித் தண்ணியில போடுங்க, ஈறும் மூச்சு விடணும். சோப்புத் தண்ணி போட்டுத் தேய்ங்க, பேஸ்ட் கீறிடும். புண்ணானா சொல்லுங்க, நீங்களே ராவிடாதீங்க." மாமா இதையெல்லாம் ஊருக்கே சொன்னவர். தலையை ஆட்டிக்கொண்டார்.

மனைவி அவர் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள். "நல்லா இருக்குப்பா" என்றாள்.

சில நாட்கள் கழித்து கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். முதன்முதலாகச் செட் மாட்டிய ஒருவர் தும்மியதும் அது பறந்து பக்கத்தில் இருந்தவர் மடியில் விழுந்ததையும், அவர் அதை எடுத்து மரியாதையாக, "உங்களுதுங்களா?" என்று கேட்டதையும் மாமா சொன்னார். மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமாவும் சிரித்தார். சிரித்ததும் அவருடைய கை தானாக எழுந்து வாயை மறைத்தது. விரல்கள் சற்றே மடங்கி, சுண்டுவிரல் மட்டும் கன்னத்தில் பட்டு. அவருக்கு மேலே சுவரில் இருந்த அத்தையின் இன்னொரு படத்தில் அதே கை, அதே விரல்கள்.

மனைவியின் சிரிப்பு நின்றது.

"கைய எடுப்பா."

எடுத்தார். நேரான பற்கள். "கழண்டு விழுந்துடுமோன்னு ஒரு பயம்மா. புதுசு இல்ல" என்றார். பிறகு அவளையே உற்றுப் பார்த்தார். செட் கட்டுகிறவர் பார்க்கும் பார்வை.

"உனக்குப் பல்லு திரும்புது."

அவள் நாக்கால் முன்பல்லைத் தொட்டுப் பார்த்தாள். "தெரியும்" என்றாள். "கொஞ்ச நாளா கண்ணாடி பாக்கறதே இல்ல."

"டாக்டர்கிட்ட சொல்லவா? மறுபடி கம்பி போட்டா நேராயிடும்."

அவள் அம்மாவின் மற்றப் படத்தைப் பார்த்தாள். மூடிய வாயை வெகுநேரம் பார்த்தாள்.

"இருக்கட்டும்ப்பா" என்றாள். "இது நீ வச்சதில்லையே."

கையைக் கொண்டுபோகாமல், முழுதாகச் சிரித்தாள். எத்தனையோ முகங்களில் நான் பார்த்த சிரிப்பு. மாமாவின் கை மறுபடியும் மெல்ல எழுந்து வாய்க்குப் போனது. இந்த முறை அவர் சிரித்துக்கொண்டிருக்கவில்லை.