தாழ்ப்பாள் சார் படிக்காத சீட்டுகள்

எங்கள் கல்லூரியில் கணக்கு வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் தாழ்ப்பாள். ஒன்பது மணி அடித்ததும் வகுப்புக் கதவை உள்ளே தாழ் போட்டுவிடுவார். மொத்தமே பதினோரு பேர்தான் வகுப்பில். பிந்தி வருகிறவர்கள் ஒரு துண்டுச் சீட்டில் பெயர், தேதி, காரணம் எழுதி, மடித்து, கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அன்றைக்கு வருகை கிடையாது. சீட்டையும் படிக்க மாட்டார். மடித்த மேனிக்கே மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவார்.

"காரணத்தைப் படிச்சா மனசு இளகிடும் சார். அப்புறம் தினம் ஒரு காரணம் வரும்" என்பார்.

மற்றபடி தங்கமான மனுஷன். இருபத்திரண்டு வருஷமாக ஒரே சைக்கிள். மனைவி கட்டிக்கொடுக்கும் டப்பாவில் பாதியை என்னிடம் நீட்டாமல் சாப்பிட்டதில்லை. ஆனால் இந்தத் தாழ்ப்பாள் விஷயத்தில் எங்களுக்கு ஏழாம் பொருத்தம். நான் வானியல் நடத்துகிறவன். அவருடைய பிள்ளைகளில் இரண்டு பேர் காலை எட்டு மணிக்கு என்னிடம் படித்துவிட்டுத்தான் அவரிடம் போவார்கள். நான் மணியைப் பார்த்துப் பாடம் எடுக்கிற ஆளில்லை. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது எப்படி நிறுத்துவது?

அந்த இருவரில் ஒருவன், ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவோம், போன பருவத்தில் திடீரென்று நின்றுவிட்டான். "படிப்புல நாட்டமில்லாத பய" என்று ஆசிரியர் கூட்டத்தில் நானே சொன்னேன். மிஞ்சியவள் கண்ணாடிக்காரி. இந்தப் பருவம், தேர்வெழுதத் தகுதியில்லாதவர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. கணக்கில் வருகை போதவில்லையாம். ஒரு வருஷம் வீண். என் முன்னால் வந்து நின்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கு வந்ததே கோபம். அவளையும் கூட்டிக்கொண்டு கணக்குத் துறைக்குப் போனேன்.

"இழுப்பறையைத் திறங்க சார். இந்தப் பொண்ணு என்ன எழுதியிருக்கான்னு இன்னிக்காவது படிங்க. நாலு மணிக்கு முதல்வர் பட்டியல்ல கையெழுத்துப் போட்டுடுவார்."

என் சத்தத்தில் மிரண்டுபோய்ச் சாவியை எடுத்தார். முதல் சீட்டைப் பிரித்தார். என்னைப் பார்த்தார். இன்னும் இரண்டைப் பிரித்தார். பிறகு எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளினார்.

"வானியல் வகுப்பு முடிய 9.10." "வானியல் 9.14." "வானியல் 9.08. ஓடி வந்தேன்."

இந்தப் பருவத்தில் அவள் தள்ளியது முப்பத்தொரு சீட்டு. முப்பத்தொன்றிலும் நான்தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவ்வளவு நாளும் பிள்ளைகள் வழியில் கேன்டீனில் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்!

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"ஒரு தடவை எழுந்தேன் சார். 'கணக்கு எங்கயும் ஓடிப்போயிடாது, உட்காரு'ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

சொல்லியிருப்பேன். எனக்கு நினைவுகூட இல்லை. அதை நினைக்கத்தான் கூசியது.

தவறு என்னுடையது என்று கைப்பட எழுதினேன். தாழ்ப்பாளும் கீழே கையெழுத்துப் போட்டார். முதல்வர் அறைக்கு ஓடினேன். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவர் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்தார்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தேன். தாழ்ப்பாள் இழுப்பறையின் அடியில் கிடந்த போன பருவத்துக் கட்டைப் பிரித்து, சில சீட்டுகளைத் தனியே எடுத்து வைத்திருந்தார். ஒட்டடைக்குச்சியின் சீட்டுகள். கடைசிச் சீட்டை என்னிடம் நீட்டினார்.

"வானியல் 9.12. இனி என்னால் தேர்வு எழுத முடியாது. நாளையிலிருந்து வரமாட்டேன். வானியல் வகுப்பிலிருந்து பாதியில் எழுந்து வர மனசு வரவில்லை சார்."