நான்காவது வரி

"முன்னாடி சாயாதீங்க சார். சாஞ்சா எல்லாருக்கும்தான் தெரியும்" என்கிறார் கண்ணாடிக் கடைக்காரர். தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறது. நாற்காலியின் முன்கால்கள் அதைத் தாண்டக் கூடாது. டேப்புக்கும் சுவரிலுள்ள எழுத்துப் பலகைக்கும் எத்தனை அடி என்று வாரம் ஒருமுறை அளந்துவிடுவார். தரை நகர்ந்திருக்கலாம் அல்லவா.

வயது நாற்பத்தெட்டு. 'ட'வை 'ப' என்று வாசிப்பவர்களிடம் இரக்கமே காட்டாதவர். இத்தனை கறாரான மனிதர், கைப்பேசியைத் திறந்தால் மட்டும் அதில் இல்லாததையெல்லாம் வாசிப்பார்.

எல்லாம் ஒரு வீடியோ கேமால் வந்தது. தனியாக விளையாட முடியாது; ஒருவர் கயிற்றைப் பிடிக்க, மற்றவர் இறங்க வேண்டும். இவர் பிடித்தார், இவருடைய அக்கா இறங்கினார். அக்காவின் பொம்மை பாதாளத்துக்கு மேல் தொங்கும்போது இரண்டாம் பாகம் 'தொடரும்' என்று முடிந்தது. அது நடந்து ஏழு வருடம் ஆகிறது.

"ஏழு வருஷமா தொங்கறேன்டா. கையே விட்டுப்போச்சு" என்பார் அக்கா.

"நான் புடிச்சிட்டுதானே இருக்கேன்" என்பார் இவர்.

மூன்றாம் பாகத்தைப் பற்றி கேம் நிறுவனம் இதுவரை அறிவித்ததெல்லாம், அறிவிக்கப் போகிறது என்பதைத்தான். அதையும் சும்மா செய்வதில்லை. அறிவிப்புக்கு முப்பது நாளுக்கு முன்பிருந்தே தினம் ஒரு படம். முதல் நாள் ஒரு பாறை. மறுநாள் அதே பாறை, ஈரமாக. ரசிகர் குழுவின் எட்டாயிரம் பேரும் அந்த ஈரத்தை ஆராய்ந்தார்கள். பாறையில் பதினோரு பாசித் திட்டு இருப்பதால் பதினோராம் மாதம் வெளியீடு என்று நிறுவியவர் நம் கடைக்காரர். லென்ஸில் கீறல் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்து எண்ணினாராம்.

அக்காவுக்குச் சர்க்கரை. அது விழித்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று வருகிறது. "இருக்கறதக் காப்பாத்தப் பாக்கலாம்" என்பதற்கு மேல் டாக்டர் வாய் திறப்பதில்லை. மாதக் கடைசியில் அக்கா கடைக்கு வந்து மஞ்சள் டேப்புக்குப் பின்னால் உட்காருவார். போன வருடம் ஆறாவது வரி வரை வாசித்தார். அப்புறம் ஐந்து. இப்போது நான்கு. "நாலாவது வரி தெரியறவரைக்கும் டிவியில கயிறு தெரியும்க்கா" என்று இவர் அடித்துச் சொல்வார். எந்த மருத்துவப் புத்தகத்திலும் இது கிடையாது.

முப்பதாம் நாள், மாலை நான்கு மணி. வாடிக்கையாளர் ஒருவர் கனத்த சோதனைக் கண்ணாடியை மூக்கில் சுமந்துகொண்டிருந்தார். பெஞ்சில் அக்கா தன் முறைக்குக் காத்திருந்தார். கைப்பேசியில் நிறுவனத்தின் வீடியோ வந்தது. நாற்பது விநாடி. பனிமூட்டம், ஒரு கயிற்றின் நுனி, நெஞ்சைப் பிழியும் வயலின். கடைசியில் ஒரு வாக்கியம்: "வெளியீட்டுத் தேதியை அறிவிக்கும் தேதி, அடுத்த ஆண்டு அறிவிக்கப்படும்."

குழு பற்றி எரிந்தது. இந்த நிறுவனத்தின் கேமை இனித் தொடுவதில்லை என்று ஆயிரம் பேர் சத்தியம் செய்தார்கள். அதே ஆயிரம் பேர் முன்பதிவு எப்போது என்றும் விசாரித்தார்கள். "அவசரப்படுத்தாதீங்க, தரம் கெட்டுடும்" என்று எழுதிய ஒருவருடைய பரம்பரை முழுவதும் சந்திக்கு வந்தது. கடைக்காரர் மட்டும் முப்பத்தோராவது விநாடியில் நிறுத்தி, பனிமூட்டத்தின்மேல் பூதக்கண்ணாடியை வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சார், எனக்கு எல்லாமே மங்கலா இருக்கு" என்றார் வாடிக்கையாளர்.

"எனக்கும்தான்" என்றார் இவர்.

அவரை அனுப்பியபின் அக்கா வந்து உட்கார்ந்தார். "என்னடா சொன்னான் உன் கம்பெனிக்காரன்?"

"அடுத்த வருஷம் சொல்றானாம்."

"எப்ப வருதுன்னா?"

"இல்லக்கா. எப்ப சொல்லுவான்னு."

அக்கா சிரித்துவிட்டுப் பலகையைப் பார்த்தார். முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது. அங்கே நின்றுவிட்டார். "அடுத்ததுல எறும்புதான்டா ஊருது."

கடைக்காரர் நாற்காலிக்குப் பின்னால் போய், அக்காவோடு சேர்த்து அதை ஓரடி முன்னால் தள்ளினார்.

"நாற்காலி நகருதே?"

"தரை வழுக்குதுக்கா. படி."

"ட... ப... ம..."

நோட்டில் நான்கு என்று எழுதினார். பிறகு மண்டியிட்டு, மஞ்சள் டேப்பை நகத்தால் உரித்தெடுத்து, நாற்காலியின் முன்கால்கள் இப்போது இருந்த இடத்தில் ஒட்டி, ஓரத்தைக் கட்டைவிரலால் இரண்டுமுறை அழுத்தித் தேய்த்தார்.